மழை அழித்த ஹோம் ரன்

பேஸ்பால் மட்டையில் பட்ட பந்து மேலே... மேலே... இன்னும் மேலே போய்க்கொண்டிருந்தது.

நோரீன் துள்ளி எழுந்தாள். அடித்தவன் ஹாலோரன்! சின்ன வயதில் அவள் சாமியாகக் கும்பிட்ட ஹாலோரன். பந்து நேராக அவளைத் தேடித்தான் வந்தது. கையுறையை விரித்தாள். இதோ... வந்தே விட்டது...

பின்வரிசையிலிருந்து ஒரு நெட்டைக் கை குறுக்கே புகுந்து அதைப் பறித்துக்கொண்டது.

"திருப்பி எறி! திருப்பி எறி!" கேலரியே அலறியது. எதிரணியான செயின்ட் லூயி வேலி தாண்டி அடித்த ஹோம் ரன் பந்தை மானமுள்ள சிகாகோக்காரன் எவனும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டான். நெட்டையனும் ஒரு கணம் திரும்பி நின்றான். பிறகு கையைச் சுழற்றி மைதானத்துக்குள் வீசினான். விசில் காதைக் கிழித்தது.

"உங்களுக்கு அறிவிருக்கா?" நோரீன் பொரிந்து தள்ளினாள்.

"ஏங்க, நீங்க செயின்ட் லூயியா?"

"இதே ஊருதான்!"

"அப்புறம் எதிரிக்கு என்ன வக்காலத்து?"

அவள் வாயைத் திறப்பதற்குள் ஏரிப் பக்கமிருந்து மழை கொட்டியது. மூன்றாவது இன்னிங்ஸ்கூட முடியவில்லை. ஆட்டத்தை நிறுத்தி, மைதானத்துக்குத் தார்ப்பாய் போர்த்தினார்கள். கூட்டம் கேலரிக்கு அடியில் ஒதுங்கியது.

அங்கே நின்றபடி நோரீன் அவனையே ஓரக்கண்ணால் பார்த்தாள். ஊரே அவன் முதுகில் தட்டிப் பாராட்டுகிறது. அவன் ஏன் சிரிக்கவில்லை? அந்தச் சாம்பல் நிறக் கண்களில் என்ன அப்படி ஒரு திருட்டு முழி? ஜெர்கின் பையை எதற்குத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறான்? கோபம் இருந்த இடத்தில் மெல்ல ஆவல் வந்து உட்கார்ந்தது.

அவனே வந்தான், இரண்டு ஹாட் டாக்குடன்.

"சமாதானம் பேச வந்திருக்கேன். பேரு காசிமிர். காஸ்னு கூப்பிடுவாங்க."

"நோரீன். கெச்சப் போடலையா?"

"கெச்சப்பா? ஹாட் டாக்குக்கா? இந்த ஊருன்னு சொன்னது புளுகா?"

"நீங்க இந்த ஊருதானான்னு சோதிச்சேன்."

சிரித்துவிட்டார்கள். அவன் குரலைத் தாழ்த்தினான். "நிஜமாத்தான் கேக்கறேன்... அந்தப் பந்து எதுக்கு உங்களுக்கு?"

"ஹாலோரன் அப்ப நம்ம டீம். எங்கண்ணனும் நானும் கராஜ் முன்னாடி அவன் மாதிரியே நிப்போம். மட்டையை இப்படி ஆட்டி ஆட்டி..."

"...காலால மண்ணைக் கீறி..."

"...வானத்தைப் பாத்து ஒரு கொட்டாவி!" இரண்டு பேருமே சொன்னார்கள்.

இவனுக்கு எப்படித் தெரியும்?

"அப்ப நம்ம டீம்ல ஆடின மூஸ் பெல்லமி ஞாபகம் இருக்கா?" என்றான் காஸ்.

"இல்லாமலா! அந்தத் தொப்பையைத் தூக்கிட்டு வேகமா ஓடச் சோம்பல்பட்டுத்தான் அவன் ஹோம் ரன் அடிக்கிறான்னு எங்கப்பா சொல்வாரு." சிரிப்பு பாதியில் நின்றது. "ஹாலோரனை செயின்ட் லூயிக்கு வித்த அன்னிக்கு நான் சாப்பிடவே இல்ல. இந்த வருஷத்தோட அவன் ஓய்வு. இனிமே இங்க ஆட வரமாட்டான். ஒரே ஒரு பந்து... அவ்வளவுதான் ஆசைப்பட்டேன்."

அவள் கண்கள் நிறைந்தன. காஸ் தலையைக் குனிந்துகொண்டு பைக்குள் கைவிட்டான். புத்தம் புதுப் பந்து!

"அப்ப... எறிஞ்சது?"

"எங்க வீட்டு நாயோடது. இங்க பாதிப் பேரு பையில, திருப்பி எறியறதுக்குன்னே ஒரு பழைய பந்து வெச்சிருப்பாங்க. வெளிய மூச்சு விடமாட்டாங்க."

"நான் இவ்வளவு புலம்பறதைக் கேட்டுக்கிட்டா சும்மா நின்னீங்க?"

"குடுக்க மனசு வரல. சின்ன வயசுல மைதானத்துக்கு வெளிய வேவ்லேண்ட் தெருவுல தவம் கிடப்பேன், ஹாலோரன் பந்து ஒண்ணாவது விழாதான்னு. ஒண்ணுகூட சிக்கல. பரவால்ல... நீங்களே வெச்சுக்கங்க."

"உங்க தானம் ஒண்ணும் வேணாம்!"

வெடுக்கென்று திரும்பி நடந்தாள். அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. மழையால் ஆட்டம் ரத்து.

நோரீனின் கால்கள் நின்றன. ஐந்து இன்னிங்ஸ் ஆகாத ஆட்டம் கணக்கில் சேராது. அடித்த அடியெல்லாம் அழிந்துபோகும்.

"அப்ப ஹாலோரன் அடிக்கவே இல்லேன்னு ஆயிடுமா?" அவளையறியாமல் அவனிடமே திரும்பி வந்து கேட்டாள்.

"அடிச்சான். நீங்க பாத்தீங்க. நான் பாத்தேன்."

"டேய் காஸ், கையில என்னடா?" அவனுடைய கேலரிக் கூட்டாளிகள் படியிறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

மறைத்துவிடுவான் என்று நினைத்தாள். அவனோ பந்தை உயர்த்திக் காட்டினான். "ஹாலோரன் பந்து! நான் திருப்பி எறியல. சின்ன வயசுலேர்ந்து எனக்கு அவன்னா உயிரு. போதுமா?"

"துரோகி!" ஊளை எழுந்தது. யாரோ பாப்கார்னை அவன் தலையில் கொட்டினார்கள். காதுமடல் சிவக்க நின்றான்.

"எதுக்கு இப்படி மானத்தைக் கெடுத்துக்கறீங்க?" என்றாள் நோரீன்.

"போன மானத்தோட இன்னொண்ணையும் சொல்லிடறேன். மழை நிக்கவே கூடாதுன்னு வேண்டிக்கிட்டிருந்தேன். நின்னா நீங்க உங்க சீட்டுக்குப் போயிடுவீங்களே..."

அவளுக்குள் என்னவோ இளகியது. பொய்க்கோபத்துடன் முறைத்தாள்.

"அடப்பாவி! ஹாலோரன் ஹோம் ரன் அழிஞ்சது உன்னாலதானா?"

"என்னது... 'உன்னால'வா?"

"ஆமா, உன்னாலதான்." நனைந்த முடியை ஒதுக்கிக்கொண்டு அவன் கண்களை நேராகப் பார்த்தாள். "உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு, காஸ். ஆட்டம் ரத்தானாலும் இது செல்லும்."