ஐந்தருவி வளைவில் எண்ணெய்க் கை

இசக்கியப்பனுக்கு இடுப்பு கழன்றுவிடும்போல் வலித்தது.

தென்காசி போலீஸ் ஸ்டேஷன். சில்லிட்ட கல் தரை. காலையிலிருந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரே இடத்தில் குந்தியிருந்தான். வயிற்றில் ஒரு வாய்க் காப்பிகூட இறங்கவில்லை.

காக்கிச் சட்டை. முப்பது வயது. கார் டிரைவர்.

சொல்லவேண்டியதை வந்த உடனேயே சொல்லிவிட்டான்.

“ஐந்தருவி ரோட்டுல பொம்பள ஒருத்தி அடிபட்டுச் செத்தால்லா... அந்தக் கார ஓட்டுனது நான்தான்.”

அதை ஸ்டேஷனில் ஒருவரும் நம்பவில்லை!

ஏட்டு ஞானதுரை சிரித்தேவிட்டார். இந்த மாதிரி வந்து நிற்கிற டிரைவர்களை அவர் நிறையப் பார்த்தவர். முதலாளி ஓட்டுவார். ஆள் விழும். கார் ஷெட்டுக்குப் போகும். டிரைவர் ஸ்டேஷனுக்கு நடந்து வருவான். இது இந்தப் பக்கத்தில் சம்பளத்தோடு சேர்ந்த வேலை.

“எவ்வளவு தாரேன்னாரு ஒங்க மொதலாளி?”

“ஒண்ணும் தரலண்ணாச்சி. நான்தான் ஓட்டுனேன்.”

“சரி சரி. அய்யா வரட்டும். அவருகிட்டயும் இதே மாதிரி சொல்லு. மாத்திராத.”

அய்யா என்றது சப்-இன்ஸ்பெக்டர் பால்வண்ணநாதனை. அவர் அந்த நேரம் பேராச்சியின் பிணத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

பேராச்சி ரோட்டு வேலைக்கு ஜல்லி சுமக்கிறவள். 1941 ஆடி மாதம். குற்றாலத்தில் சாரல் விடாமல் பிடித்திருந்தது. சாரல் என்றால் குளிக்க வருகிறவர்களுக்குக் கொண்டாட்டம். ஜல்லி சுமக்கிறவளுக்குக் கூடையின் கனம் கூடும்... அவ்வளவுதான். நனைந்த கூடை, நனைந்த கல், வழுக்குகிற ரோடு. கழுத்து நரம்பு புடைக்க நடக்கவேண்டும்.

நடந்தாள்.

ஐந்தருவி ரோட்டு வளைவில் பின்னால் வந்த கறுப்புக் காரின் மட்கார்டு அவளைத் தூக்கி எறிந்தது. கார் நிற்கவில்லை!

ஜல்லி ரோடு முழுக்கச் சிதறிக் கிடந்தது. கூடை ஓடையில் கிடந்தது. பேராச்சி குப்புறக் கிடந்தாள். தலையில் வைத்த சும்மாடு மட்டும் அவிழாமல் அப்படியே இருந்தது.

அவளுக்குப் பின்னால் இன்னொரு கூடையோடு வந்தவள் குருவம்மாள். கூடப்பிறந்த அக்கா. நேரில் பார்த்த ஒரே சாட்சி. அழுது முடித்து, குரல் கட்டிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

வண்டியில் யார் இருந்தார் என்று பால்வண்ணநாதன் கேட்டார்.

“மொகம் பாக்கல சாமி. ஒடம்புதான் பாத்தேன். சட்டையில்ல. எண்ணெ தேச்ச ஒடம்பு... மினுமினுன்னு இருந்துச்சி.”

“பின்னாலயா, முன்னாலயா?”

“முன்னாலதான். கண்ணாடிக்கிட்ட.”

சப்-இன்ஸ்பெக்டருக்கு அது போதுமாக இருந்தது.

சீசன் காலத்தில் குற்றாலத்தில் கறுப்புக் காருக்குப் பஞ்சமில்லை. ஆனால் மட்கார்டு நெளிந்த கறுப்புக் கார் ஒன்றுதான் இருந்தது. இசக்கியப்பனின் முதலாளி வீரகேரளம்புதூர் சுந்தரபாண்டியனின் சீசன் பங்களா ஷெட்டில் ஓலைத் தட்டியால் மூடி வைத்திருந்தார்கள்.

பால்வண்ணநாதன் தட்டியை விலக்கி உள்ளே ஏறினார். ஸ்டீரிங்கைப் பிடித்தார்.

கை வழுக்கியது!

நல்லெண்ணெய். வளையம் முழுக்க அப்பியிருந்தது. முன் சீட் ஒரே நீளப் பலகை சீட். அதிலும் எண்ணெய். வெறும் முதுகு சாய்ந்த தடம்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. குற்றாலத்துக்கு வருகிறவன் முதலில் எண்ணெய் தேய்ப்பான். ஊறவிடுவான். அப்புறம் அருவிக்குப் போவான். பேரருவியில் கூட்டம் என்றால் ஐந்தருவிக்குக் காரை விடுவான். எண்ணெய்க் கையோடு விட்டிருக்கிறான்... வளைவில் ஸ்டீரிங் வழுக்கியிருக்கிறது.

பட்டப்பகல் மாதிரித் தெளிவாக இருந்தது.

ஸ்டேஷனுக்கு வந்ததும் இசக்கியப்பனை எழுப்பி நிறுத்தினார். நிமிர முடியாமல் சுவரைப் பிடித்து நிமிர்ந்தான். பால்வண்ணநாதன் அவன் தலையைத் தடவிப் பார்த்தார். பரட்டை. காய்ந்து கிடந்தது.

“இன்னைக்கி எண்ணெ தேச்சுக் குளிச்சியாலே?”

“இல்லய்யா.”

“நேத்து?”

“எனக்கு ஏதுய்யா எண்ணெக் குளியலு?”

“பொறவு ஸ்டீரிங்குல எண்ணெ எப்படி வந்துச்சு?”

இசக்கியப்பன் வாயைத் திறந்தான்.

“நீ சொல்லாண்டாம். நான் சொல்லுதேன்” என்றார் பால்வண்ணநாதன். “ஒங்க மொதலாளி எண்ணெ சொட்டச் சொட்ட வண்டியில ஏறுனாரு. தான் ஓட்டணும்னு ஆசப்பட்டாரு. நீ பக்கத்துல கைகட்டி உக்காந்திருந்த. ஆளு விழுந்ததும், போய் நான்தான்னு சொல்லுலே, அபராதம் போடுவான், நான் கட்டுதேன்னு ஒன்ன அனுப்பிட்டாரு. சரிதானா?”

“அபராதம்னுதான் சொன்னாரு... ஆனா அய்யா, ஓட்டுனது...”

“முன்னூத்தி நாலு ஏ என்னன்னு தெரியுமாலே?”

தெரியாது என்று தலையாட்டினான்.

அசட்டையாக ஒரு காரியம் செய்து உயிர் போனால் அந்தப் பிரிவு என்று பால்வண்ணநாதன் விளக்கினார். இரண்டு வருஷம் வரைக்கும் போடலாம். ஆளை அடித்துவிட்டு நிற்காமல் போனதற்குப் புது மோட்டார் சட்டத்தில் தனியாக உண்டு. லைசென்சும் போகும்.

“ஒங்க அண்ணன் மாடனுக்கும் அபராதம்னுதான சொன்னாரு?”

இசக்கியப்பன் முகம் சட்டென்று சுருங்கியது.

மாடன் கதை தென்காசிக்கே தெரியும். அவனும் சுந்தரபாண்டியனிடம் டிரைவராக இருந்தவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடையத்தில், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவன் மேல் சுந்தரபாண்டியன் காரை ஏற்றினார். ஓட்டினது தான் என்று மாடன் ஒத்துக்கொண்டான். அபராதம் வரவில்லை. ஒரு வருஷம் வந்தது! வெளியே வந்தபோது லைசென்ஸ் இல்லை. இப்போது தென்காசி கமிஷன் மண்டியில் மூட்டை தூக்குகிறான். ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து...

“ஒரு வீட்டுல எத்தன பேருலே ஜெயிலுக்குப் போவீங்க?” என்றார் பால்வண்ணநாதன்.

இசக்கியப்பன் பதில் சொல்லவில்லை.

சாயங்காலம் சுந்தரபாண்டியன் ஸ்டேஷனுக்கு வந்தார். வந்தார் என்றால் கூட்டிக்கொண்டு வரப்பட்டார். வெள்ளை ஜிப்பா. சீயக்காய் வாசம். ஒரு நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“டிரைவர் ஒத்துக்கிட்டான்லா? பொறவு என்ன இன்ஸ்பெக்டர்?”

“எண்ணெ தேச்சது நீங்களா, அவனா?”

“நான். குற்றாலத்துல எண்ணெ தேக்கது குத்தமா?”

“எங்க உக்காந்திருந்திய?”

“முன்னால. எனக்குப் பின் சீட்டு ஒத்துக்கிடாது. வாந்தி வரும்.”

“ஸ்டீரிங்குல எண்ணெ?”

“அவன்தான எனக்குத் தேச்சுவிட்டான். அருவியில கூட்டம் சேந்துரும், சீக்கிரம் எடுலேன்னேன். கையத் தொடைக்காம எடுத்துட்டான்.”

ஏட்டு ஞானதுரையால் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார்.

“பேரருவி வாசல்ல எண்ணெ தேச்சு விடுததுக்குன்னே வரிசையா ஆளு உக்காந்திருக்கான்” என்றார் பால்வண்ணநாதன். “அத்தன பேர விட்டுட்டு டிரைவரக் கூப்பிட்டுத் தேச்சியளா?”

“அவனுவளுக்கு எதுக்குத் துட்டு? இவனுக்குத்தான் சம்பளம் கொடுக்கேன்லா.”

“கடையத்துல ஆடு மேய்ச்சவன் செத்தானே... அப்பவும் டிரைவர்தான் ஓட்டுனான்?”

“அது கோர்ட்டு சொல்லியாச்சு. அதப் பேசாதயும்.”

பால்வண்ணநாதன் எழுந்து இசக்கியப்பனிடம் போனார். தோளில் கை வைத்தார். தென்காசி போலீஸ் அவன் தோளில் அடிக்காமல் கை வைத்தது அதுதான் முதல் தடவை.

“பயப்படாத. ஒரே கேள்வி. இவருக்கு எண்ணெ தேச்சுவிட்டது நீயா?”



இசக்கியப்பன் முதலாளியைப் பார்த்தான்.

“சொல்லுலே” என்றார் சுந்தரபாண்டியன். “காலையில என்ன சொன்னியோ, அதயே சொல்லு.”

இசக்கியப்பன் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பினான்.

“வாயில என்னலே வச்சிருக்க? சொல்லித் தொலலே! என் சோத்தத் தின்னுட்டு...”

“சாட்சிய மெரட்டாதயும்!” பால்வண்ணநாதன் மேஜையைத் தட்டினார்.

இசக்கியப்பன் தலையைக் குனிந்தான். கண்ணிலிருந்து தண்ணீர் விழுந்தது. ஒரு வார்த்தை வரவில்லை.

அந்த மௌனம் போதுமாக இருந்தது. ஏட்டு, சுந்தரபாண்டியனின் ஜிப்பாப் பையிலிருந்த வெற்றிலைப் பெட்டியை மரியாதையாகக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். லாக்கப் திறந்தது. நிலபுலன் உள்ள ஒருவர் அதற்குள் குனிந்து போவதைப் பார்க்க எதிர்த்த கடைக்காரர்கள்கூட வந்து நின்றார்கள்.

கேஸ் மாஜிஸ்திரேட் முன்னால் வந்தது.

சுந்தரபாண்டியன் திருநெல்வேலியிலிருந்து பெரிய வக்கீலைக் கொண்டுவந்தார். வக்கீல் கெட்டிக்காரர். ஆனால் அவரிடம் ஒரு கோளாறு இருந்தது. தன் கட்சிக்காரர்தான் ஓட்டினார் என்று அவரும் நம்பினார்!

அதனால் குருவம்மாளைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவர் ரொம்ப ஜாக்கிரதையாக இருந்தார். மழை பெய்ததா, கண் சரியாகத் தெரியுமா, தங்கச்சிக்காகப் பொய் சொல்கிறாயா என்றெல்லாம் கேட்டார். காரைப் பற்றிக் கேட்க வாயெடுத்தவர், வருகிற பதில் தலையில் விழுந்துவிடுமோ என்று விழுங்கிவிட்டார்.

சுந்தரபாண்டியன் கூண்டிலிருந்து என்னென்னவோ சைகை காட்டினார். வக்கீல் திரும்பிப் பார்க்கவில்லை.

சாட்சிக் கூண்டில் ஏறிய இசக்கியப்பன், யார் ஓட்டினது என்ற கேள்விக்கு, “எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியலய்யா” என்றான். திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அதையே சொன்னான். எஜமானுக்குப் பயந்த ஏழை என்று மாஜிஸ்திரேட்டுக்கே அவன்மேல் இரக்கம் வந்தது.

தீர்ப்பு... ஒன்றரை வருஷம்!

“நான் ஓட்டலய்யா! சத்தியமா நான் ஓட்டல!” சுந்தரபாண்டியன் கோர்ட் அதிரக் கத்தினார். போலீஸ் வேன் கதவு சாத்துகிறவரைக்கும் கத்தினார்.

ரோட்டில் நின்றவர்கள் சிரித்தார்கள். எல்லாக் குற்றவாளியும் அதைத்தான் சொல்வான்.

கோர்ட் வாசலில் மாடன் நின்றிருந்தான். மண்டியிலிருந்து மூட்டைத் தூசியோடு வந்திருந்தான். வேன் போன திசையில் ஒரு தடவை துப்பினான். தம்பியின் முதுகைத் தட்டினான். காலைச் சாய்த்துச் சாய்த்து வேலைக்குத் திரும்பினான்.

பால்வண்ணநாதன் தொப்பியைக் கழற்றிவிட்டு மர நிழலில் நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பெரிய மனிதரை உள்ளே தள்ளிய சந்தோஷம். இசக்கியப்பனைக் கூப்பிட்டுக் கை கொடுக்காத குறை.

“இனிமே எவன் சொன்னாலும் அடுத்தவன் குத்தத்தத் தலையில போட்டுக்கிடாத. கேட்டியா?”

இசக்கியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அய்யா... குருவம்மா ரோட்டுல எந்தப் பக்கம் நின்னா?”

“எடது ஓரம். எதுக்குக் கேக்க?”

“கார் அவளுக்குப் பின்னாலருந்துல்லா வந்துச்சு?”

“ஆமா.”

“அப்ப அவ கண்ணுக்குப் பட்டது காரோட எடது பக்கத்து ஆளு.”

பால்வண்ணநாதன் கண்ணைச் சுருக்கினார். “அதனால?”

“ஸ்டீரிங்கு வலது பக்கம்யா.”

சாரல் சொட்டியது. பால்வண்ணநாதன் தொப்பியைத் தலையில் வைத்தார். மறுபடி எடுத்தார்.

“கார்ல ஒரு தடவகூட ஏறாதவ அவ” என்றான் இசக்கியப்பன். “முன்னால இருந்தா ஓட்டுதவருன்னு நெனச்சிட்டா. அவமேல குத்தமில்ல. மொதலாளி சொன்னது அத்தனையும் நெசம். எண்ணெ தேச்சுவிட்டது நான்தான். கையத் தொடைக்கல. வளைவுல வழுக்கிட்டு. நிறுத்தாத போலேன்னாரு... போனேன்.”

“அடப்பாவி... ஏம்லே அன்னைக்கே சொல்லல?”

“அன்னைக்கிச் சொன்னத ஏட்டையாவும் நம்பல. நீங்களும் நம்பல. அண்ணன் பேர எடுத்திய. பொறவுதான் வாய மூடுனேன். அவருக்காவ மூடுன வாயி இல்ல அது... அவர மாட்டிவிட மூடுன வாயி.”

பால்வண்ணநாதன் சுற்றுமுற்றும் பார்த்தார். கேட்கிற தூரத்தில் யாருமில்லை. வேன் போன ரோட்டைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் பதவிக்குத் தன் பெயர் போயிருப்பது நினைவுக்கு வந்தது.

“இப்ப எதுக்கு என்கிட்ட இதச் சொல்லுத?”

“சொல்லாம இருக்க முடியல. அண்ணன் போன ஜெயிலுக்கு அவரு போயிட்டாரு, அது சரியாப் போச்சு. பேராச்சி கணக்கு அப்படியே நிக்கு. என்ன உள்ள போடுங்கய்யா.”

இரண்டு கையையும் சேர்த்து நீட்டினான். பால்வண்ணநாதன் அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தட்டிவிட்டார்.

“அந்த எடம் நெரம்பிட்டுலே. வீட்டுக்குப் போ.”

போனார்.

இசக்கியப்பன் பேராச்சிக்கு ஓர் உயிர் கடன்பட்டவன். வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை.