முந்தி அடித்த மணி

அவன் மலையுச்சித் தொலைநோக்கி நிலையத்துக்கு வேலைக்கு வந்து இறங்கியபோது வெயில் இன்னும் சாயவில்லை. கையில் ஒரு பெட்டி, ஒரு போர்வை, மனைவி வம்படியாகத் திணித்துவிட்ட தைல பாட்டில். துணிக்கடைக்காரர் மகன் என்பதால் கல்லூரியிலேயே அவனுக்கு 'வியாபாரி' என்று பெயர் விழுந்திருந்தது. அந்தப் பெயர் அவனுக்கு முன்பே மலையேறி வந்து உட்கார்ந்திருந்தது.

"வாங்க வியாபாரி. இங்க ரெண்டு விஷயத்துல பேரம் கிடையாது," என்றார் அங்கிருந்த எஞ்சினியர் அக்கா. "ராத்திரி கேட்டத் தாண்டி எந்த வண்டியும் லைட் போட்டுட்டு வரக் கூடாது. வெளிச்சம் பட்டா கேமரா கெட்டுடும். அப்புறம், இந்த நாற்காலிய மாத்திக் குடுங்கன்னு கேக்கக் கூடாது. புதுசு வராது."

நாற்காலியின் பஞ்சு ஓர் ஆள் அளவுக்குக் குழிந்திருந்தது.

"இதுல இருந்தவர் எங்க போனார்?"

"எங்கயும் போகல. இதுல உட்கார்ந்தபடியேதான் போய்ச் சேர்ந்தார்."

வேலை என்னவோ எளிதுதான். எங்கோ ஒரு நட்சத்திரம் வெடித்துச் சாகும். அதன் காமாக் கதிர் சில நொடி பொங்கி அடங்கிவிடும். மேலே சுற்றும் செயற்கைக்கோள் பார்த்துச் சேதி அனுப்பினால் அறையில் மணி அடிக்கும். வெளியே வீட்டுக் கூரையைவிட உயரமாய் நிற்கிற தொலைநோக்கியின் கண்ணாடித் தட்டு, யாரையும் கேட்காமல் சரேலென்று அந்தத் திசைக்குத் திரும்பும். கதிர் காற்றில் மோதும்போது தெறிக்கிற நீல மினுக்கைப் பிடிக்க வேண்டும். வியாபாரியின் பாஷையில், கடைக்காரன் ஷட்டரை இழுக்கிற சத்தம் கேட்ட பிறகு பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பிழைப்பு. பெரும்பாலும் பூட்டுத்தான் பார்க்கக் கிடைக்கும்.

நாற்காலிக்காரர் பூட்டை மட்டுமே பார்த்துப் போனவர். ஒரு மினுக்குகூட அவருக்குச் சிக்கவில்லை. 'லேட்டாயிடுச்சு, லேட்டாயிடுச்சு' என்று ஒவ்வொரு தடவையும் தலையில் அடித்துக்கொள்வாராம். கடைசியில் ஒரு தடவை மணிச்சத்தம் கேட்டு அவசரமாக எழுந்தவர், திரும்ப உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

சில வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. டீ போட்டுக்கொண்டு வந்து அவன் உட்காரப் போகும்போது மட்டும், நாற்காலியின் பஞ்சு மெல்ல மேலெழும்பிக்கொண்டிருக்கும்.

இப்போதுதான் யாரோ எழுந்து இடம் விட்டதுபோல.

நிலவில்லாத ஓர் இரவு மணி அடித்தது. திரையில் செயற்கைக்கோள் சேதி எதுவும் இல்லை. மணி மட்டும். தட்டு திரும்பியது. அடிவானத்துக்குக் கீழே அது போகக் கூடாது என்று கணினிக்குக் கட்டளை உண்டு. தட்டு கீழே போயிற்று. எதிர்ச் சரிவில் வளையும் சாலையைப் பார்த்துக் குனிந்து நின்றது.

"மோட்டாருக்கு மூளை கலங்கிடுச்சு," என்றார் அக்கா. ஆனால் அவர் சிரிக்கவில்லை.

விடியுமுன் கேமராவில் ஒரே ஒரு நீல மினுக்கு பதிவாயிற்று. துல்லியமான, அழகான மினுக்கு.

தண்ணீர் லாரிக்காரர் அந்த வளைவில்தான் வண்டியை ஓரங்கட்டித் தூங்குவார். காலையில் கதவைத் தட்டினார்கள். எழவில்லை.

அக்கா பதிவை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "உயிரோட இருந்தவரைக்கும் ஒருநாளும் நேரத்துக்குப் போய்ச் சேரல அந்த நாற்காலிக்கார மனுஷன்," என்று கிசுகிசுத்தார். "இப்ப சாவுக்கு முன்னாடியே போய் நிக்கிறார்."

வியாபாரிக்குப் பயத்தினூடே ஒரு சின்ன நப்பாசையும் இருந்தது. முன்கூட்டியே சேதி கிடைத்தால் சரக்கைக் காப்பாற்றிவிடலாம் என்பது கடைவீதிப் பாடம். அடுத்த முறை மணி அடித்தால் தட்டை உடனே நிறுத்திவிட்டால் போயிற்று.

அடுத்த முறை அடித்த இரவில், அவனைப் பார்க்க அவன் மனைவி தன் தம்பியின் காரை வாங்கி ஓட்டிக்கொண்டு மலையேறிக்கொண்டிருந்தாள்.

தட்டு சாலையைப் பார்த்துக் குனிந்தது. திரையில் கோண எண்கள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தன. வளைவு வளைவாக நகர்ந்தன.

அவன் தட்டை நிறுத்துகிற சிவப்புப் பொத்தானை அறைந்தான். அக்கா மோட்டாரின் மின்சாரத்தையே துண்டித்தார். வெளியே தட்டின் பிரேக் கிறீச்சிட்டது.

"நின்னுடுச்சு," என்றார் அக்கா.

எண்கள் நிற்கவில்லை.

அவன் வாக்கிடாக்கியைப் பிடுங்கினான். "கேட்ல யாரு? என் வீட்டுக்காரிய அங்கயே நிறுத்துங்க!"

"இப்பத்தான் சார் மேல போனாங்க," என்றார் காவல்காரர். "நீங்க சொல்லிக் குடுத்தபடி லைட்ட அணைச்சுட்டுத்தான் போறாங்க. கெட்டிக்காரங்க."

அவன் இருட்டுக்குள் ஓடினான். எஞ்சின் சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. தட்டின் கிரீஸ் வாடை மட்டும் காற்றில் கனத்தது. கடைசியில் ஒரு கறுப்பு உருவம் மெல்ல ஊர்ந்து வந்து பக்கத்தில் நின்றது. கார்தான்.

"என்னங்க, வரவேற்பு பலமா இருக்கு? செருப்புகூட இல்லாம ஓடி வர்றீங்க," என்று இறங்கினாள். "கல்யாணத்தன்னிக்கு இப்படி ஓடி வந்திருந்தா எங்கப்பா மனசு குளிர்ந்திருக்கும்."

அவளைக் கட்டிக்கொண்டு அழுதான். பேரம் படிந்துவிட்டது என்று நினைத்தான். அப்புறம்தான் அவள் தோளுக்கு மேலே பார்த்தான்.

தட்டு அவர்களைப் பார்த்துக் குனிந்திருந்தது.

அவள் ஓர் அடி வைத்தாள். இரும்பு முனகியது.

இன்னோர் அடி. இன்னொரு முனகல்.

"என்னங்க இது? என்னையே பாக்குது!" என்று சிரித்தாள்.

விடிந்ததும் வேலையை உதறிவிட்டு, மனைவியோடு மலையிறங்கி, அப்பாவின் துணிக்கடையில் வந்து உட்கார்ந்தான். மாதங்கள் போயின. பார்த்த மருத்துவர்கள் எல்லோரும் அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்றார்கள். "என்னைப் பாத்து ஏன் இப்படி நடுங்குறீங்க? அவ்வளவு மோசமாவா சமைக்கிறேன்?" என்று அவள் கேலி செய்தாள்.  எந்த நட்சத்திரம் எப்போது வெடிக்கும் என்று யார் சொல்ல முடியும்? காத்திருக்கத்தான் முடியும்.

மலையுச்சியிலும் ஒருவர் காத்திருக்கிறார்.

ஒரு நாள் கடையில் கூட்டம் அலைமோதுகிற முற்பகலில் அக்காவின் போன் வந்தது.

"நல்லா இருக்கீங்களா வியாபாரி? தொலைநோக்கிய மூடிக் கரண்டையும் வெட்டிட்டாங்க. மோட்டாரக் கழட்டிக் கொண்டுபோயாச்சு. தினமும் அதைப் படுக்கப் போட்டுப் பூட்டிட்டு வர்றேன். காலைல போய்ப் பாத்தா உங்க ஊர்ப் பக்கம் திரும்பியிருக்கு. சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு இத்தனை நாளும் சொல்லல."

"இப்ப எதுக்கு சொல்றீங்க அக்கா?"



"இன்னிக்குக் காலைலேருந்து நகர்ந்துக்கிட்டே இருக்கு. உங்க வீட்டுக்காரம்மா எங்கயாவது வெளியூர் கிளம்பியிருக்காங்களா?"

விடியற்காலையில்தான் அவளை அவள் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏற்றிவிட்டு வந்திருந்தான்.

"அக்கா, எந்தப் பக்கம் நகருது? இன்னும் நகருதா? சொல்லுங்க!"

"இல்ல," என்றார் அக்கா. "இப்ப நின்னுடுச்சு."

போனில், அவர் குரலுக்குப் பின்னால், மின்சாரம் இல்லாத அந்த அறையில் மணி அடிக்கத் தொடங்கியது.