வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

கம்பம் ஊரில் ஜாய்ஸ் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சாரல் பிடித்திருந்தது. திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே போன மண்பாதையின் முடிவில் ஆட்டோ நின்றது. மலையடிவாரத்தில் தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். ஒரு காலத்தில் ஜீப் நிறுத்தும் கொட்டகையாக இருந்ததைச் சுவர் எழுப்பி, மஞ்சள் வண்ணம் பூசி, ஊர் சுற்ற வருகிறவர்கள் தங்கும் ஹாஸ்டலாக மாற்றியிருந்தார் சுரேஷ்கண்ணன்.

"வாம்மா தங்கச்சி! பைய இங்கன வையி. மொதல்ல காப்பி, அப்புறந்தேன் ஆதார் கார்டு."

ஜாய்ஸுக்கு அந்த மனுஷரை உடனே பிடித்துப்போனது. அங்கே தங்கியிருந்த இரண்டு மலையாளப் பையன்கள் கிளம்பும்போது அவரைக் கட்டிப்பிடித்துத்தான் விடைபெற்றார்கள். சென்னையில் ஒற்றை அறையில் தனியாக இருந்து அலுத்துப் போனவளுக்கு இதற்காகவே இவ்வளவு தூரம் வரலாம் போலிருந்தது.

ஒன்றுதான் விநோதமாகப் பட்டது. எந்தக் கதவுக்கும் வெளிப்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. முன்பு தாழ்ப்பாள் இருந்த இடத்து ஓட்டைகளை மெழுகி அடைத்திருந்தார்கள்.

"வெளிய போனா எப்படிண்ணே ரூமைப் பூட்டுறது?"

"உன் பழைய துணிய எவன் தூக்கிட்டுப் போகப் போறான்?" என்று சிரித்தார். சிரித்தபடியே, அடைத்திருந்த ஓட்டையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அவர் பால் வாங்கப் போயிருந்த நேரத்தில், சமையல் செய்யும் மொக்கம்மாளிடம் ஜாய்ஸ் அதைப் பற்றிக் கேட்டாள். மொக்கம்மாள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"இவுக முன்னால, மலைமேல ஏலக்காத் தோட்டத்துக்கு ஆளு ஏத்திட்டுப் போற ஜீப்பு வச்சிருந்தாக. விடியுமுன்ன இங்கன நின்னு ஆரன் அடிப்பாக. பொம்பளைக எல்லாம் தூக்குச்சட்டியோட ஓடியாருவோம். அளவுக்கு மேல ஏத்துனா பின்னால உக்காந்தவ விழுவால்ல? அதுக்குக் கம்பிக்கதவு ஒண்ணு அடிச்சு, வெளிய தாழ்ப்பாப் போட்டாக. இனி ஒருத்தியும் விழமாட்டான்னாக. நாங்களும் நல்லதுன்னுதான் நெனச்சோம்."

"அப்புறம்?"

"மலையேறையில வளைவுல வண்டி கவுந்து தீப்பிடிச்சிருச்சு. ஓட்டிக்கிட்டிருந்த இவுக குதிச்சுட்டாக. பின்னால வந்து ஒத்தக் கையால தாழ்ப்பாளத் தூக்கியிருந்தாப் போதும். ஓடிட்டாக. கீழ வந்துக்கிட்டிருந்த வண்டிக்காரன் அம்புட்டையும் பாத்திருக்கான். எம்மக நாகஜோதி அதுலதான் இருந்தா."

ஜாய்ஸ் கொதித்து வழிந்த குழம்பை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள்.

"அப்புறமும் எப்படிம்மா இவர்கிட்ட வேலை பாக்குறீங்க?"

"அவ ஏறுன எடம் இதுதான் ஆத்தா. எறங்குனாலும் இங்கனதான எறங்குவா."

மறுநாள் விடியற்காலையில் ஜாய்ஸை எழுப்பியது ஏலக்காய் வாசனை. சுரேஷ்கண்ணன் எழுந்து காப்பி போடுகிறார் போல என்று நினைத்தாள். ஆனால் அந்த வாசனைக்கு அடியில் இன்னொன்று இருந்தது. முடி கருகும் நாற்றம்.

வாசலில் ஹாரன் ஒலித்தது.

செருப்புகள் ஓடிவரும் ஓசை. தூக்குச்சட்டிகள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம். "ஏடி, தள்ளி உக்காரு. உங்கப்பன் வீட்டு வண்டியா?" என்று ஒருத்தி. கொல்லென்று சிரிப்பு. எல்லாம் சமையலறைப் பக்கம் போய்ச் சட்டென்று நின்றது.

பிறகு கதவு தட்டும் ஓசை.

செல்போன் வெளிச்சத்தில் நடந்து போனாள். சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளிருந்துதான் தட்டினார்கள்.

"தங்கச்சி, நீயா? கதவு அடைச்சுக்கிருச்சு. கொஞ்சம் தள்ளும்மா."

தள்ளினாள். அசையவில்லை. வெளிச்சத்தை மேலே திருப்பினாள். ஓட்டை அடைத்திருந்த இடத்தில், கரி பிடித்த கனத்த இரும்புத் தாழ்ப்பாள் ஒன்று போடப்பட்டிருந்தது.

"வெளிய தாழ்ப்பாள் போட்டிருக்குண்ணே."

உள்ளே தட்டுவது நின்றது.

"வெளிய தாழ்ப்பாளே கெடையாதேம்மா."

சொல்லி முடிப்பதற்குள் உள்ளே ஏதோ குப்பென்று பற்றிக்கொள்ளும் சத்தம். அவர் அலறினார். அப்படி ஒரு குரலை அவள் அதுவரை கேட்டதில்லை. தாழ்ப்பாளில் கை வைத்தாள். சுட்டது, ஆனால் இறுகியிருக்கவில்லை. லேசாகத் தூக்கினால் போதும்.

அவள் பிடரியில் யாரோ மூச்சு விட்டார்கள்.

"தெற, அக்கா," என்றது ஓர் இளம்பெண்ணின் குரல். அதில் கோபமே இல்லை. "நாங்க தடுக்கல. தெறந்தா உள்ள உனக்கும் எடம் இருக்கு. நெருக்கி உக்காந்துக்கிரலாம்."

ஜாய்ஸ் கையை எடுத்தாள்.

ஓடினாள்.

பந்தல்களுக்கு நடுவே ஓடியவளைத் "தங்கச்சி, தங்கச்சி" என்று சுரேஷ்கண்ணனின் குரல் வெகுதூரம் துரத்தியது. பிறகு நின்றுவிட்டது.

விடிந்தபின் மொக்கம்மாள் வந்து தள்ளியதும் கதவு திறந்துகொண்டது. அடுப்பு பற்றவைக்கப்படவே இல்லை. சுவரில் ஒரு பொட்டுக் கரி இல்லை. கதவை ஒட்டி விழுந்து கிடந்தார் சுரேஷ்கண்ணன். உள்ளங்கைகள் இரண்டும் வெந்திருந்தன. கதவின் வெளிப்பக்கம், அடைத்த ஓட்டைகள் அடைத்தபடியே இருந்தன. மாரடைப்பு என்றார்கள்.

மொக்கம்மாள் வாசல்படியில் உட்கார்ந்து, பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு, அந்த வெற்றிடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்த ஜாய்ஸைக் கண்டதும் அவள் முகம் மாறியது.

"எம்மக எறங்கிட்டா ஆத்தா. அவ எடத்துல அவுக உக்காந்துட்டாக." ஜாய்ஸின் கையைப் பிடித்தாள். "நீ ஓடுனத அவுக பாத்தாகளா?"

ஜாய்ஸ் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

சென்னையில் மழை இல்லை. பட்டப்பகல். பக்கத்து வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அறைக்கு வந்து கதவைப் பூட்டிவிட்டுக் குளிக்கப் போனாள். குழாயைத் திறந்து, ஒரு கை நீரை அள்ளி முகத்தில் விட்டுக்கொண்டாள்.

குளியலறைக்கு வெளியே, இரும்புத் தாழ்ப்பாள் மெதுவாக இழுபட்டு விழுந்தது.

"யாரு?"

கதவை இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. பிறகு கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, வெகு அருகில், பாசமாக ஒரு குரல் வந்தது.

"தட்டும்மா தங்கச்சி. தட்டிக்கிட்டே இரு. நான் இங்கனதான் நிக்கேன்."