கழுவிய கைகள்

நான்காம் கட்டிலருகே திராட்சை வாசனை அடித்தது. மருந்தும் ஸ்பிரிட்டும் வியர்வையும் வீசும் அந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவில், மழைக்குப் பிறகு கரும்புத் தோட்டங்களின் புழுங்கிய வாடையும் ஜன்னல் இடுக்கு வழியே வருவதுண்டு. இது அவை எதிலும் சேராத வாசனை, அழுகப்போகும் பழத்தின் தித்திப்பு. மெரேசெய்னி குனிந்து நோயாளியின் சளி உறிஞ்சும் குழாயைப் பார்த்தாள். உள்ளே பச்சையாக ஒரு கோடு ஓடியது.

மூன்று வாரத்தில் இவர் நான்காவது ஆள். முதல் மூவரும் பிழைக்கவில்லை. படகு கவிழ்ந்து வந்தவர், சர்க்கரை முற்றி வந்தவர், மாரடைப்பில் வந்தவர். யாரும் இந்தப் பச்சைச் சளியைக் கொண்டு வரவில்லை. எல்லாருக்கும் இந்தக் கிருமி இங்கேதான் பிடித்தது.

"வார்டை மூடணும் டாக்டர்," என்றாள்.

"மூடிட்டு ஆறு பேரையும் எங்க வைக்கிறது, என் வீட்டு வராந்தாவுலயா?" டாக்டர் ஷால்வின் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "அடுத்த ஐ.சி.யூ. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கு, சிஸ்டர்."

"சளி எடுத்து அனுப்பினோமே, அதுக்குப் பதில்?"

"கப்பல்ல தலைநகர் சுவாவுக்குப் போயிருக்கு. வரும்போது வரும். நீங்க கழுவுற கழுவலுக்குக் கைரேகையே அழிஞ்சிருக்கும். உங்களைப் போட்டு வதைச்சுக்காதீங்க."

அவர் அடுத்த வார்டுக்குப் போய்விட்டார். கூட இருக்கவேண்டிய நர்ஸ் காய்ச்சலில் படுத்திருந்தாள். கையுறைப் பெட்டி நேற்றே காலி; கையில் தேய்க்கும் ஸ்பிரிட் திங்கட்கிழமைதான் வரும். மிஞ்சியது இரண்டாம் கட்டிலை ஒட்டியிருந்த கைகழுவும் தொட்டி. ஒவ்வொருவரையும் தொடுமுன்னும் தொட்டபின்னும் கழுவியே ஆகவேண்டும் என்று சட்டம் போட்டவளே மெரேசெய்னிதான்.

இரண்டாம் கட்டிலில் லாரி ஓட்டும் எரோனி. தொண்டையில் துளையிட்டுச் செருகிய குழாய் வழியாக இயந்திரம் அவனுக்கு மூச்சு கொடுத்தது. தேறி வந்தான். அவன் மனைவி வீக்கா அவன் பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"குழாயை எடுத்ததும் பேசுவாரா சிஸ்டர்?"

"பேசுவார்."

"முதல்ல என்னைத்தான் திட்டுவார். அவர் நாயை எங்க அக்கா வீட்டுக்கு அனுப்பிட்டேன். திட்டட்டும், கேட்டு எத்தனை நாளாச்சு." சிரித்தபடியே பிள்ளைகளை அழைத்துவரக் கிளம்பினாள்.

மெரேசெய்னி கை கழுவத் தொட்டிக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் விழுந்தது, வடியவில்லை. தொட்டியின் அடித்துளைக்குள் ஏதோ கொழகொழவென்று புரண்டது. யாரோ தொண்டையில் சளியோடு மூச்சுவிடுவது போன்ற சத்தம். பிறகு ஒரு குமிழி எழும்பி வெடித்தது.

திராட்சை.

நான்காம் கட்டில் தள்ளி இருந்தது. வாசனை இங்கிருந்து வந்தது. துளையின் விளிம்பில் பச்சையாக ஒரு வழவழப்பு. தண்ணீர் அதில் மோதி அவள் மணிக்கட்டில், விரல்களில், கவுனின் முன்புறத்தில் தெறித்துக்கொண்டிருந்தது. தினமும் இப்படித்தான் தெறித்திருக்கும்.

முதல் ஆளைத் தொடுமுன் இந்தத் தொட்டியில்தான் கழுவியிருந்தாள். இரண்டாவது ஆளைத் தொடுமுன். மூன்றாவது. ஆள் சாகச் சாக, இன்னும் கூடுதலாக.

அப்போது இயந்திரம் அலறியது.

எரோனி இருமியிருந்தான். இயந்திரத்தின் காற்றுக்குழல் கழன்று தலையணையில் சீறிக்கொண்டிருந்தது. அவன் கழுத்துக்குழாயின் வாய் திறந்து கிடந்தது. நெஞ்சு ஏறவில்லை. கண்கள் அவளையே பார்த்தன.

"டாக்டர்!"

யாரும் வரவில்லை.

கையைக் கவுனில் துடைக்கப் போனாள். கவுனும் ஈரம். அவன் உதடு நீலமானது. இனி நேரமில்லை. குழலை எடுத்துக் குனிந்தாள்.

அவன் கழுத்தின் அந்தச் சிறிய திறப்புக்கு நேர் மேலே, அவளுடைய சுட்டுவிரல் நுனியில், ஒரு சொட்டு திரண்டு, கனத்து, கீழே இறங்கிக்கொண்டிருந்தது.