முதல் ஊசி

காலை 9.20. மன்னார்க் கரையோரக் கிராமமொன்றின் சிறிய ஆஸ்பத்திரியில் ஹவ்வா உம்மாவின் முகத்தை வெள்ளைத் துணியால் மூடினார்கள். இருபது வருஷம் அகதியாக இருந்து ஊர் திரும்பியவர். பற்றை மண்டிய பழைய வளவைத் துப்புரவாக்கும்போது குளவிகள் கொட்டிவிட்டன.

11.05. இன்ஸ்பெக்டர் யோசேப் வந்திறங்கியபோது, சந்தியில் இணையக் கடை வைத்திருக்கும் ஹவ்வா உம்மாவின் மகன் றினாஸ், மருந்துக் களஞ்சியக்காரர் ஆதம்பாவாவின் சட்டையைப் பிடித்து உலுப்பிக்கொண்டிருந்தான்.

"மருந்த வித்துப்போட்டுத் தண்ணிய வச்சிருக்கார், சேர்! ஊசி போட்டும் உம்மா மவுத்தாப் போயிட்டா!"

"அல்லாஹ் மேல ஆணை, நான் தொடல்ல," என்று அழுதார் ஆதம்பாவா. வெளியே சனம் கல்லோடு நின்றது.

யோசேப் விசாரித்தார். முதல்நாள் வந்துபோன வைத்தியர் அதே பெட்டியிலிருந்த அட்ரினலின் ஊசியைப் போட்டு ஒருவரைப் பிழைக்க வைத்திருந்தார்; மருந்து நல்லதுதான். வாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். 8.10: ஒவ்வாமைக்கு வேறு இரண்டு ஊசி. 8.45: அட்ரினலின்.

சுவரில் தாதி அருள்நாயகியின் சான்றிதழ் தொங்கியது. இணையவழி அவசர சிகிச்சைப் பாடநெறி, தொண்ணூற்றாறு புள்ளி.

"அட்ரினலின் ஏன் பிந்தினது, மிஸ்ஸி?"

"அது நெஞ்சை நிப்பாட்டிப்போடும் எண்டு பயம், சேர். மற்றது கேக்காட்டித்தான் அதைப் போடுறது. தொண்ணூற்றோராம் ஆண்டில அப்பிடித்தான் படிச்சனாங்கள்."

ஆஸ்பத்திரியில் சிக்னல் இல்லை. யோசேப் தண்ணீர்த் தாங்கியில் ஏறி நின்று, பாடநெறி நடத்துகிற கொழும்புக் கந்தோரோடு போனில் கதைத்து, அருள்நாயகியின் பேரில் பாடம் திறந்த நாள், நேரமெல்லாம் குறித்துக்கொண்டார். முதற்பாடமே குளவிக் கொட்டுத்தான்.

2.30. எல்லோரையும் விறாந்தையில் இருத்தினார்.

"மிஸ்ஸி, உங்கட பேரில பாடம் படிச்ச பன்னிரண்டு பகலும் நீங்கள் வாட்டில. கையொப்பம் இருக்கு. வெள்ளிக்கிழமையில மட்டும் பன்னிரண்டுக்குப் பாடம் நிக்குது, ரெண்டு மணிக்குத் திரும்பத் தொடங்குது. ஜும்ஆத் தொழுகைக்குக் கடை பூட்டுற ஆள் ஆர்?"

அருள்நாயகி தலை குனிந்தார். "சான்றிதழ் இல்லாட்டி இடமாற்றம் எண்டு கடிதம் வந்தது. மூண்டு பேற்ற வேலையைத் தனியச் செய்யிறன், சேர். எனக்காகப் படிக்கச் சொல்லிக் கடவுச்சொல்லைக் கடையில குடுத்திட்டன்."

யோசேப் சட்டென்று றினாஸ் பக்கம் திரும்பினார். "தம்பி, குளவி கொட்டி ஒராளுக்கு மூச்சுத் திணறுது. முதல் ஊசி?"

"அட்ரினலின். தொடையில. சுணங்கப்படாது," என்று மடமடவென ஒப்புவித்தான் றினாஸ். பிறகு திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

"உம்மாவின்ர கட்டிலடியிலதானே நிண்டனி?"

"ஓம்."

"பிறகு ஏன் சொல்லேல்ல?"

"எனக்கெப்படித் தெரியுமெண்டு கேப்பாங்க. எட்டு மிஸ்ஸிமாருக்கு இந்தச் சோதினை எழுதிக் குடுத்திருக்கன், சேர்." அவன் நிலத்தைப் பார்த்தான். "இப்பப் போடுவா, இப்பப் போடுவா எண்டு பாத்துக்கொண்டு நிண்டன்."

ஆதம்பாவா கிழிந்த சட்டையோடு எழுந்தார். ஹவ்வா உம்மாவின் மையித்துக்குத் தோள் கொடுக்க உள்ளே போனார்.

யோசேப் குறிப்புப் புத்தகத்தில் அருள்நாயகி, றினாஸ் என்று இரண்டு பெயர்களை எழுதினார். அப்போது வாட்டில் யாரோ மூச்சுக்குத் திணறுவது கேட்டது. அருள்நாயகி அவரிடம் கேட்காமலே எழுந்து ஓடினார். வேறு தாதி இல்லை. யோசேப் மறிக்கவில்லை.