மியாட்டா நலமாக இருக்கிறாள்

வானொலி நிலையத்தின் சாவி அறிவிப்பாளன் வாண்டியின் சட்டைப் பையில்தான் இருந்தது. பூட்டியவனும் அவன்தான். எபோலா பரவுவதால் மூன்று நாளைக்கு ஊரில் யாரும் வெளியே தலைகாட்டக் கூடாது, தொண்டர்கள் சோப்பும் அறிவுரையுமாக வீடு வீடாக வந்து, பார்த்த வீட்டுக் கதவில் தாள் ஒட்டிப் போவார்கள் என்று அரசாங்க உத்தரவு. அதுவரை தலைநகரத்து நிகழ்ச்சிகள் மட்டுமே கேட்கும். ஆனால் இரண்டாம் நாள் மத்தியானம், தகரக் கூரையில் மழை சடசடத்துக்கொண்டிருந்தபோது, வீட்டு மேசைமேல் இருந்த ரேடியோவில் பாட்டு பாதியில் நின்று அவனுடைய குரலே கேட்டது.

"நியாண்டெஹுன் மக்களே, வணக்கம். முகாமிலிருந்து நலச் செய்தி."

யாரோ பழைய ஒலிப்பதிவைத் தவறிப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு பாயில் புரண்டு படுத்தான். காலையிலிருந்தே உடம்பு கொதித்தது. லேசாகக் காய்ச்சல் என்றாலும் உடனே சொல்லுங்கள் என்று ஊருக்கெல்லாம் தொண்டை கிழியக் கத்தியவன், தனக்கு வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டான். நோயாளிகளை ஏற்றிப் போகும் வெள்ளை வண்டி தன் வாசலில் நின்றால் மானம் என்னாவது! மலேரியாதான், மாத்திரையில் போய்விடும் என்று தனக்குத்தானே நலச் செய்தி வாசித்துக்கொண்டான்.

அந்த நிகழ்ச்சி நல்ல எண்ணத்தில் தொடங்கியதுதான். எபோலா வந்த புதிதில், காட்டுக்கு அப்பால் போட்ட சிகிச்சை முகாமின் கூடாரங்களில் நோயாளிகளின் ரத்தத்தை எடுத்து விற்கிறார்கள் என்று ஊரெல்லாம் புரளி. உள்ளே இருப்பவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று தினமும் ரேடியோவில் சொன்னால் பயம் தெளியும் என்றார்கள். சொன்னான். தெளிந்தது. பிறகு, சந்தையில் பனையெண்ணெய் விற்ற மியாட்டா முகாமில் செத்துப் போனாள்.

"போன வாரம்தான் கல்லெறிஞ்சானுங்க. இப்ப சாவுன்னு சொன்னா கூடாரத்தையே கொளுத்திடுவானுங்க," என்றார் சுகாதார அதிகாரி. "கொஞ்ச நாளைக்கு நல்லாயிருக்கான்னே சொல்லு வாண்டி. உன் வாய்க்குத்தான் ஊரே மயங்குதே."

அந்தப் புகழ்ச்சிக்குப் பல்லிளித்தான் பாவி. மண்ணுக்குள் கிடந்தவளுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது என்றான், எழுந்து உட்கார்ந்தாள் என்றான், அம்மாவைக் கேட்டாள் என்றான். அம்மாக்காரி ஜெபே அதைக் கேட்டுவிட்டு, மரவள்ளிக் கீரைக் குழம்பும் சோறுமாகச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்கு வருவாள், முகாம் வண்டியில் ஏற்றிவிடச் சொல்லி. யாருக்கு ஏற்றிவிட? சூடு ஆறுவதற்குள் அவனே வழித்துத் தின்றான். ருசியாகத்தான் இருந்தது.

அந்த ஊர் வழக்கப்படி, செத்தவர்களை வீட்டார் ஆற்றங்கரையில் சோறு படைத்து அக்கரைக்குக் கடத்திவிட வேண்டும். கடத்திவிடாத உயிர் ஊரைச் சுற்றும், கைக்குக் கிடைத்தவரைப் பிடித்துக்கொள்ளும். அதைச் செய்ய வேண்டிய தாயோ, மகள் எப்போது வீட்டுக்கு வருவாள் என்று வாசலைப் பார்த்துக் கிடந்தாள். குழி வெட்டியவன் மூலமாக உண்மை தெரிந்த அன்று அவள் நேரே நிலையத்துக்கு வந்தாள்.

"எம் பொண்ணு சாப்பிட்டான்னு சொன்னியே. யாருடா சாப்பிட்டது?"

"மேலிடத்து உத்தரவும்மா... நான் என்ன பண்ண முடியும்?"

அவள் அழவில்லை. அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவ இன்னும் இக்கரையிலதான் நிக்கிறா. நான் கடத்திவிட மாட்டேன். முதல்ல உன்னைப் பார்த்துட்டு வரட்டும். அப்புறம் படைக்கிறேன் சோறு."

கிழவி புலம்புகிறாள் என்று அன்று தள்ளிவிட்டான். இப்போது ரேடியோ பேசிக்கொண்டிருந்தது.

"மியாட்டா நலமாக இருக்கிறாள். இன்று எழுந்து நடந்தாள். முகாமை விட்டு வெளியே வந்துவிட்டாள்."

வாண்டி எழுந்து உட்கார்ந்தான். இதை அவன் வாசித்ததே இல்லை. குரல் அவனுடையது, வார்த்தைக்கு நடுவே மூச்சு வாங்கும் இடம்கூட அவனுடையது, ஆனால் இந்தச் செய்தியை எந்த நாளும் அவன் வாய் சொன்னதில்லை.

"மியாட்டா நலமாக இருக்கிறாள். மரப்பாலத்தைத் தாண்டிவிட்டாள்."

பாட்டரிகளைப் பிடுங்கி எறிந்தான். அவை தரையில் உருண்டன. குரல் நிற்கவில்லை. மழை வாடைக்கு நடுவே வேறொரு நெடி வந்தது, முகாம் வாசலில் கைக்கும் காலுக்கும் அடிப்பார்களே, அந்தக் குளோரின். போனில் சார்ஜ் இல்லை, கரண்ட் போய் இரண்டு நாளாகிறது. தள்ளாடி ஜன்னலுக்குப் போய் அடுத்த வீட்டுக்காரனைக் கூப்பிட்டான்.

"லான்சனா! உன் ரேடியோவுல என்னய்யா கேக்குது?"

எதிர் ஜன்னல் பாதி திறந்தது. லான்சனா வாயெல்லாம் பல்லாக நின்றான்.

"உன் குரல்தான் கேக்குது! ஊரே அடைஞ்சு கிடக்கு, நீ மட்டும் வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டே ரேடியோவுல பேசுறியே, பலே ஆளுய்யா. வாண்டி நலமாக இருக்கிறார், வயிறாரச் சாப்பிட்டார், யாரும் போய்ப் பார்க்க வேண்டாம்... தன்னைப் பத்தித் தானே சொல்லிக்கிற மனுஷனை இன்னிக்குத்தான் பாக்குறேன்!"

"அது நானில்லை. எனக்குக் காய்ச்சல். வண்டியைக் கூப்பிடு லான்சனா, உன் கால்ல விழுறேன்!" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். இருமல் வந்தது. கைக்குட்டையில் சிவப்பாக ஏதோ ஒட்டியது. நிமிர்வதற்குள், சாரல் அடிக்கிறது என்று முனகிக்கொண்டே லான்சனா ஜன்னலைச் சாத்திவிட்டான்.

"மியாட்டா நலமாக இருக்கிறாள். வாண்டியின் தெருவுக்கு வந்துவிட்டாள்."

தாழ்ப்பாளைப் போட்டான். மேசையை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தான். நெடி அதிகமானது. கண் எரிந்தது. மழை சட்டென்று நின்றது.

ரேடியோவும் நின்றது.

அதுதான் பயங்கரமாக இருந்தது. அடுத்த செய்தி வரவில்லை. அவள் எங்கே வந்திருக்கிறாள் என்று யாரும் சொல்லவில்லை.

பாயில் சுருண்டான். பின்னால் யாரோ நின்றார்கள். திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. ஈரமான விரல்கள் அவன் தொண்டையில் பதிந்தன. அழுத்தவில்லை. சும்மா இருந்தன. பனையெண்ணெய்ப் பிசுக்கு.

"அம்மா..." என்றான். காற்றுகூட வெளியே வரவில்லை.

அப்போது தெருவில் ஆள் சத்தம். தொண்டர்கள்! கதவைத் தட்டினார்கள்.

"வாண்டி அண்ணே! உள்ளே எல்லாரும் சுகந்தானே? யாருக்கும் காய்ச்சல் இல்லையே?"

கத்தினான். வாய் திறந்தது, நாக்கு புரண்டது, சத்தம் மட்டும் இல்லை. கையால் தரையை அடிக்கப் பார்த்தான். கை அசையவில்லை. மேசைமேல் ரேடியோ தொண்டையைக் கனைத்துக்கொண்டது.

"நான் நல்லாயிருக்கேன் தம்பி," என்றது அவன் குரல், அன்பாக, ஊரே மயங்கும் அந்தக் குழைவோடு. "இப்பத்தான் சாப்பிட்டேன். நீங்க அடுத்த வீட்டைப் பாருங்க."

"அண்ணன் குரலைக் கேட்டாலே பாதி நோய் போயிடும்!" என்றான் வெளியே ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். கதவின் வெளிப்பக்கம் தாளை ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்கும் சத்தம் கேட்டது. சர்ரக், சர்ரக். பிறகு காலடிகள் சேற்றில் சளக்கென்று மிதித்துக்கொண்டு லான்சனா வீட்டுப் பக்கம் போயின. அங்கே கதவு திறந்தது. யாரோ சோப்பு கொடுத்தார்கள்.

தொண்டையிலிருந்த விரல்கள் விலகின.

சர்ரக், சர்ரக் என்ற சத்தம் மறுபடி கேட்டது. அவன் வீட்டுக் கதவில். இந்தத் தடவை உள்பக்கத்தில்.