பொட்டு விலகிய வாக்கி டாக்கி

“நான் தூங்கலீங்க சார்! புகையைப் பார்த்ததுமே வாக்கி டாக்கில கத்துனேன். ஒருத்தருக்கும் கேக்கலீங்க!”

கருமத்தம்பட்டி நூல் மில் காவலாளி அன்புச்செல்வி துப்பறிவாளரிடம் முறையிட்டாள். ஆயுத பூஜைக்கு மறுநாள் பஞ்சுக் குடோனில் தீப்பிடித்துப் பாதிப் பஞ்சு சாம்பல். அவள் தூங்கிவிட்டதாக சூப்பர்வைசர் கோபாலசாமி அடித்துச் சொல்லியிருந்தார். வேலை போனால் போகட்டும், தூங்குமூஞ்சி என்ற பேர் மட்டும் அவளுக்கு ஆகவே ஆகாது.

துப்பறிவாளர் ஜெரோம் நிதானமாகக் கேட்டார். “மத்தவங்க பேசுனது உங்களுக்குக் கேட்டுச்சுங்களா?”

“நல்லாக் கேட்டுச்சுங்க.”

“அப்ப பேட்டரி காலியில்ல!” என்று உதவியாளர் யுவஸ்ரீ துள்ளினாள்.

“பொறு கண்ணு. ஏனுங்க அம்மணி, பேசிட்டு பட்டனை விட்டா மில் ரேடியோ டவர்ல இருந்து ‘கர்’ருனு ஒரு சத்தம் வருமே?”

அட, ஆமாம்! “அன்னிக்கு வரவே இல்லீங்க.”

“அன்னிக்கு வாக்கி டாக்கி செட்டை யாரு குடுத்தாங்க?”

“கோபாலசாமி அண்ணன்தானுங்க. பூஜைக்கு நான் பொட்டு வெச்ச செட்டு. ஒட்டியிருந்த பொரியைத் தட்டிப்போட்டுக் குடுத்தாருங்க.”

மில் ஆபீசில், தீப்பிடித்த அன்றே பூட்டி வைத்த செட்டை எல்லார் முன்னிலையிலும் எடுத்தார்கள். சேனலை மாற்றும் திருகிலும் அதன் அடிப்பாகத்திலும் சேர்த்து வைத்த குங்குமப் பொட்டு இரண்டாகப் பிரிந்து, மேல்பாதி ஒரு பக்கமாக விலகி நின்றது.

“பொட்டு வெச்சதுக்கப்புறம் யாரோ திருகியிருக்காங்க,” என்றார் ஜெரோம். “நாம பேசுற பேச்சுக்கு அடியில, காதுக்குக் கேக்காத ஒரு ரீங்காரத்தையும் செட் அனுப்புது. அது சரியா இருந்தாத்தான் டவர் பேச்சை வாங்கி எல்லாருக்கும் அனுப்பும். பக்கத்து மில் பேச்சு உள்ள புகுந்ததால போன மாசம் ரீங்காரத்தை மாத்தினாங்க. ஒண்ணாம் சேனல்ல புதுசு, ரெண்டுல பழசு. ரெண்டுல வெச்சாலும் மத்தவங்க பேசுறது கேக்கும். நாம கத்துறதை மட்டும் டவர் கண்டுக்காது. இது ரெண்டுல நிக்குது.”

கோபாலசாமிக்கு முகம் வெளுத்தது. “திருகுச் சந்துல பொரி மாட்டியிருந்துச்சுங்க... நோண்டி எடுத்தேன். திரும்பினது தெரியாதுங்க.”

“அது தெரியாம செஞ்சதுங்க அண்ணா. நான் தூங்குனேன்னு சொன்னது?”

“சத்தமே கேக்கலை... விசாரிக்காமச் சொல்லிட்டேன் அம்மணி.”

அன்புச்செல்வி திருகை ஒன்றுக்கு வைத்துச் செட்டை அவர் கையில் கொடுத்தாள். “இதுலயே சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்.”

அவர் பட்டனை அழுத்தினார். “அன்புச்செல்வி தூங்கலீங்க. கூப்பிட்டிருக்குது. தப்பு என்மேலதான்.”

பட்டனை விட்டதும் டவர் ‘கர்’ரென்றது. அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. மெயின் கேட்டிலிருந்து முதல் குரல் வந்தது: “கேட்டுச்சுங்க!”